அசையாதிருத்தல்

ஒரு குழந்தை சும்மா படுத்திருக்கிறது.

கண்ணைத் திறந்தே வைத்திரு என்கிறார்கள். தூங்காதே. அசையாதே. வேறு வேலை எதுவும் தரவில்லை.

தலையைச் சுற்றிலும் இயந்திரம். தட்டுகிற ஓசை. பிறகு இடிக்கிற ஓசை. பிறகு நீளமாக ஒரு கூவல். காதுகளை அடைத்திருக்கிறார்கள். ஆனாலும் எலும்பு வழியாக வந்துவிடுகிறது.

காந்தத்தின் வலு 3 டெஸ்லா. பூமியின் காந்தப்புலத்தைப்போல் அறுபதாயிரம் மடங்கு. உடம்புக்கு அது தெரிவதில்லை.

தெரிவது, மூக்கு நுனியில் ஓர் அரிப்பு.

*

சும்மா இருக்கும்போதும் மூளை எரிந்துகொண்டிருக்கிறது.

பெரியவர் உடம்பின் எடையில் அது நூற்றில் 2 பங்கு. உடம்பு ஓய்வில் செலவழிக்கும் சக்தியில் 20 பங்கு.

ஐந்து வயதை ஒட்டி இந்தக் கணக்கு மாறுகிறது. ஒரு நாளில் குழந்தை செலவழிக்கும் சக்தியில் 40 பங்குக்கு மேல் மூளைக்கே போகிறது. அந்த வயதில் உடம்பு மெல்லத்தான் வளர்கிறது.

உயரம் காத்திருக்கிறது.

*

1995. அமெரிக்காவின் மில்வாக்கி. பரத் பிஸ்வால் என்ற ஆய்வு மாணவர், எதுவும் செய்யாமல் படுத்திருப்பவர்களின் மூளைப் படங்களைப் பார்க்கிறார். விரல்களைத் தட்டும்போது இயங்கும் பகுதிகள் இடப்பக்கமும் உண்டு, வலப்பக்கமும் உண்டு. விரல் அசையாத வேளையிலும் அவை இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. சேர்ந்தே இறங்குகின்றன.

வெறும் இரைச்சல் என்று ஒதுக்கிவிடக்கூடிய ஒன்று. அவர் ஒதுக்கவில்லை.

2001-இல் மார்கஸ் ரெய்க்கிள் என்ற மூளை ஆய்வாளர் இன்னொன்றைச் சொல்கிறார். ஒரு வேலையில் இறங்கும்போது அடங்கி, வேலை இல்லாதபோது எழுகிற பகுதிகள் உண்டு. நெற்றிக்குப் பின்னால், நடுவில் ஒன்று. பின்மண்டைக்குச் சற்று மேலே, உள்ளே ஒன்று. காதுக்குப் பின்புறம் இரண்டு பக்கமும். நேற்றை நினைக்கையில், நாளையை நினைக்கையில், தன்னை நினைக்கையில் இவை ஒன்றாக எழுகின்றன.

இதற்கு வலைப்பின்னல் என்று பெயர். இங்கே நூலைப் பார்ப்பதில்லை. ஒன்றாக ஏறி இறங்குவதைத்தான் பின்னல் என்கிறார்கள்.

*

ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் சேர்ந்து பத்து நொடி. சில வேளை நூறு நொடி வரை.

மூச்சு அதைவிட வேகம்.

கருவியில் அலையாகத் தெரிவது இரத்தத்தின் ஆக்சிஜன். மூச்சு ஆழமானால் அது மாறுகிறது. இதயத் துடிப்பும் உள்ளே கலக்கிறது. கணக்கிடுபவர்கள் மூச்சைத் தனியே அளந்து கழிக்கிறார்கள். துடிப்பைக் கழிக்கிறார்கள். மிஞ்சி நிற்பதை மூளை என்கிறார்கள்.

மூச்சு உள்ளே.

மூச்சு வெளியே.

*

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. ஆனி மாத மாலை. இன்னும் மழை இல்லை. காற்றில் ஈரம் மட்டும்.

வாழையிலைக் கட்டு. மல்லிகைச் சரம். எங்கிருந்தோ காப்பிப்பொடி வாசனை. தமிழ்க் குரல்கள் வங்காளக் குரல்களோடு கலந்து தணிகின்றன.

குழந்தைகள் 'ஸ்டாச்சு' விளையாடுகிறார்கள். ஒருத்தி கத்துகிறாள். எல்லாரும் அப்படியே நிற்கிறார்கள். தூக்கிய கால் தூக்கியபடி.

பெரிய பையன் நிற்கிறான். கண்மணி மட்டும் நகர்கிறது. பத்து வயதிருக்கும் ஒருத்தி மூச்சையும் அடக்கி நிற்கிறாள். ஃபிராக் ஓரம் காற்றில் ஆடுகிறது.

ஆறு வயதுச் சிறுவன் நிற்கப் பார்க்கிறான். முழங்கால் நடுங்குகிறது. வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்புகிறது. வாயை மூடிக்கொள்கிறான். சிரிப்பு தோள் வழியாக வெளியே வருகிறது.

அவுட்.

அவனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சந்தின் மறுகோடிக்கு ஓடுகிறான்.

அசையாதிருக்கவும் வயது வேண்டியிருக்கிறது.

*

2008. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகம். டேமியன் ஃபேரும் உடன் இருப்பவர்களும், 7 முதல் 9 வயதுக் குழந்தைகளின் மூளையை, அது ஓய்வில் இருக்கும்போது, பெரியவர்களின் மூளையோடு வைத்துப் பார்க்கிறார்கள். ரெய்க்கிள் சொன்ன பகுதிகள் குழந்தைகளிடமும் இருக்கின்றன. இடையே உள்ள தொடர்புதான் மெலிந்திருக்கிறது. நெற்றிப்பக்கம் தனியாக எழுகிறது. பின்பக்கம் தனியாக எழுகிறது.

அடுத்த ஆண்டு இன்னொரு கட்டுரை. குழந்தையின் மூளையில் அருகருகே உள்ள பகுதிகள் ஒன்றாக எழுந்து ஒன்றாக அடங்குகின்றன. வயது ஏற ஏற, தூரத்தில் உள்ளவை சேர்கின்றன. அருகில் இருந்த தொடர்புகள் சில தளர்கின்றன.

அக்கம்பக்கத்திலிருந்து தொலைவுக்கு.

படித்த உடனே மனம் ஒப்புக்கொள்கிறது. வளர்வதென்றால் அப்படித்தானே இருக்கும் என்று.

அந்த ஒப்புதலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

2012. அதே பல்கலைக்கழகம். ஜொனாதன் பவரின் கட்டுரை.

தலை அரை மில்லிமீட்டர் அசைந்தாலே போதும். அசைவு ஒரு பொய்த் தொடர்பை உண்டாக்குகிறது. அருகருகே உள்ள பகுதிகளின் தொடர்பு கூடித் தெரிகிறது. தொலைவில் உள்ளவற்றின் தொடர்பு குறைந்து தெரிகிறது.

குழந்தைகள் பெரியவர்களைவிடக் கூடுதலாக அசைகிறார்கள்.

ஆக, அக்கம்பக்கத்திலிருந்து தொலைவுக்கு என்ற அந்த அழகான கோட்டில் ஒரு பகுதி, அரிக்கிற மூக்கு. நடுங்குகிற முழங்கால். தோள் வழியாக வரும் சிரிப்பு.

முந்தைய கட்டுரையில் பெயர் உள்ள சிலர் இந்தக் கட்டுரையிலும் இருக்கிறார்கள். தாங்கள் கண்டதன்மேல் தாங்களே ஐயத்தை வைக்கிறார்கள். இந்தத் துறையில் நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் இவை.

*

கோடு முழுக்க அழிந்துவிடவில்லை.

அசைந்த நொடிகளை வெட்டி நீக்கி மறுபடி கணக்கிட்டாலும் வயதின் தடம் இருக்கிறது. மெலிந்து இருக்கிறது. பார்வைக்கும் அசைவுக்கும் உரிய பகுதிகள் முந்தி முதிர்கின்றன. நெற்றிப்பக்கம் கடைசியில். இருபது வயது தாண்டியும் அங்கே வேலை முடிவதில்லை.

*

குழந்தை அசையாமலிருக்க ஒரு படம் உண்டு. 2015-இல் வந்தது. ஏழு நிமிடம். உருவங்கள் மெல்ல மெல்ல மாறுகின்றன. ஆட்கள் இல்லை. கதை இல்லை. பியானோ மட்டும்.

பார்க்கும் குழந்தை அடங்கிக் கிடக்கிறது.

ஆனால் அது பார்க்கிற மூளை. சும்மா இருக்கிற மூளை எங்கோ நகர்ந்துவிட்டது.

*

மழை. முதலில் தகரத்தின் மேல். பிறகு இலைகளின் மேல். பிறகு எது எதன் மேல் என்று தெரியாத ஒரே சத்தம்.

*

எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு.

உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது.

சிறுமியின் தோட்டைத் திருகிக் கழற்றுகிறார்கள். வளையல். கொலுசு. தலையில் இருந்த கிளிப்புகள் ஒவ்வொன்றாக அம்மாவின் உள்ளங்கைக்குப் போகின்றன. சிறுவனின் இடுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து. முடிச்சு இறுகிக் கிடக்கிறது. பல்லால் அவிழ்க்கிறார் அப்பா.

இருவருக்கும் ஒரே பச்சை அங்கி. ஒரே அளவு. இருவருக்கும் தொளதொளவென்று.

கொலுசு இருந்த இடத்தில் கணுக்காலைச் சுற்றி ஒரு வெளிறிய கோடு.

*

சிறுவர்கள். சிறுமிகள்.

மூளையின் மொத்த அளவு உச்சத்தைத் தொடுவது சிறுமிகளுக்குச் சராசரியாக 10.5 வயதில். சிறுவர்களுக்கு 14.5. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் ஒரே பிள்ளைகளைத் திரும்பத் திரும்பப் படமெடுத்துப் பார்த்து, 2007-இல் வெளியிட்ட கணக்கு.

நடுவே நான்கு ஆண்டுகள்.

பன்னிரண்டு வயதுப் பெண்ணையும் பன்னிரண்டு வயதுப் பையனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒருத்தி உச்சியைக் கடந்துவிட்டாள். ஒருவன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறான். தெரியும் வித்தியாசம் பாலினுடையதா, பயணத்தில் அவரவர் நிற்கும் இடத்தினுடையதா. பிரிக்கப் போகும்போது கை தயங்குகிறது.

அளவு பெரிதென்பதால் திறன் பெரிதென்று இதில் எங்கும் இல்லை.

*

பல பெரிய தொகுப்புகளில் இன்னொன்றும் தெரிகிறது. இயந்திரத்துக்குள் சிறுவர்கள் சிறுமிகளைவிடச் சராசரியாகச் சற்றுக் கூடுதலாக அசைகிறார்கள்.

சற்றுத்தான்.

கருவிக்கு அரை மில்லிமீட்டர் போதும்.

*

ஜன்னலிலிருந்து தெரியும் வீடு. பாட்டி பேத்திக்குப் பின்னல் போடுகிறாள். சீப்பு சிக்கில் மாட்டுகிறது. குழந்தையின் கழுத்து இறுகுகிறது. வார்த்தை கேட்கவில்லை. பாட்டியின் கை அந்தத் தலையை நேராகத் திருப்பி வைக்கிறது.

குழந்தை அசையவில்லை.

அண்ணன் வாசலில் பந்தைச் சுவரில் அடிக்கிறான். டப். டப். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நாளைக் காலையிலும் பின்னல் உண்டு. நாளை மறுநாளும்.

காலைச் சேர்த்து உட்கார். இரைந்து சிரிக்காதே. ஓடாதே. கோவில் வரிசையில், பூஜைப் பந்தலில், சொந்தக்காரர் வீட்டுச் சோபாவில். தஞ்சாவூரிலும் இதே சொற்கள். இங்கே வங்காள மொழியில்.

பிறகு ஒரு நாள் அவள் இயந்திரத்துக்குள் படுக்கிறாள். படம் தெளிவாக வருகிறது.

இந்த இடத்தில் என்னால் விலகி நிற்க முடியவில்லை. அந்தத் தெளிவில் எவ்வளவு அவளுடைய மூளை, எவ்வளவு அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியது. கருவி இரண்டையும் ஒரே சாம்பல் நிறத்தில் காட்டுகிறது.

*

எண்ணம் சூடாகிறது.

பார்க்கிறேன்.

ஆறுகிறது.

*

மனத்தை அளக்கலாம் என்ற நினைப்பு இந்த நகரத்துக்குப் பழையது. 1916-இல் கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியலுக்கென்று தனித் துறை. இந்தியாவில் முதல்.

தலையை அளந்த கதையும் உண்டு.

1920. நாக்பூரில் இந்திய அறிவியல் மாநாடு. விலங்கியலாளர் நெல்சன் அன்னாண்டேல், பிரசிடென்ஸி கல்லூரியின் இயற்பியல் ஆசிரியர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறார். கொல்கத்தாவின் ஆங்கிலோ-இந்தியர்களுடைய உடல் அளவுகள். அவற்றை ஆராய வேண்டும்.

அளவுகளிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம்?

1936-இல் அந்தத் தூரத்துக்கு ஒரு சூத்திரம். உலகம் அதை மஹலனோபிஸ் தூரம் என்றே சொல்கிறது. மூளைப் படங்களைக் கணக்கிடுகிறவர்களும் இன்று அதைக் கையாள்கிறார்கள்.

இரண்டு சராசரிகளின் இடைவெளியை மட்டும் அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு கூட்டமும் எவ்வளவு பரந்து கிடக்கிறது என்று பார்க்கிறது. ஓர் அளவு கூடும்போது இன்னோர் அளவும் சேர்ந்து கூடுகிறதா என்று பார்க்கிறது. கூட்டம் பரந்து கிடந்தால், அதே இடைவெளி சிறிய தூரமாகிவிடுகிறது.

*

பராநகர். மஹலனோபிஸ் வாழ்ந்த ஆம்ரபாலி. மரங்கள். குளத்தின் மேல் மழைத்துளிகள். ஒவ்வொரு துளிக்கும் ஒரு வட்டம். வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று போகின்றன.

*

சிறுவர்கள் ஒரு கூட்டம். சிறுமிகள் ஒரு கூட்டம்.

சராசரிகள் ஒன்றல்ல. ஆனால் இரண்டின் பரப்பும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கிறது. எந்த இரண்டு சிறுமிகளை எடுத்தாலும், அவர்களுக்கு நடுவே உள்ள தூரம் பெரும்பாலும், சராசரிச் சிறுமிக்கும் சராசரிச் சிறுவனுக்கும் நடுவே உள்ளதைவிடப் பெரிது.

2015-இல் டெல் அவிவிலிருந்து டாஃப்னா ஜோயலின் ஆய்வு. 1,400-க்கு மேற்பட்ட மூளைகள். எல்லாப் பகுதியிலும் ஒரே பாலின் பக்கம் சாய்ந்த மூளை மிக அரிது. ஒரே மூளையில் சில பகுதி இப்படி, சில பகுதி அப்படி, பலது நடுவில்.

எல்லா அளவுகளையும் சேர்த்துக் கணினியிடம் கொடுத்தால் அது பாலைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறது என்கிறார்கள் வேறு சிலர்.

இரண்டும் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில்.

*

சில பத்துப் படங்களில் பளிச்சென்று தெரிகிற வித்தியாசம், பல ஆயிரம் படங்களில் சுருங்குகிறது.

*

2024. எல்விஷா தமாலாவும் உடன் இருப்பவர்களும் எழுதிய கட்டுரை. 9, 10 வயதுக் குழந்தைகள் 4,757 பேர்.

பிறந்தபோது எழுதப்பட்ட பால் ஒரு பக்கம். தன் பாலினத்தை எப்படி உணர்கிறது என்று குழந்தை சொல்வதும், குழந்தையின் விளையாட்டைப் பற்றிப் பெற்றோர் சொல்வதும் இன்னொரு பக்கம்.

இரண்டும் மூளையில் ஒரே இடத்தில் விழவில்லை. பால் என்பது அசைவு, பார்வை, கட்டுப்பாடு, உணர்ச்சி ஆகியவற்றுக்கு உரிய வலைப்பின்னல்களில் கூடுதலாகத் தெரிகிறது. பாலின உணர்வு அதைவிடப் பரவலாக, மெல்லியதாகக் கிடக்கிறது.

எதிலிருந்து எது வந்தது என்று கட்டுரை சொல்லவில்லை. சொல்லாமல் விட்டிருப்பது நிம்மதியாக இருக்கிறது.

*

அந்த 4,757 பேர், அமெரிக்காவில் 11,800-க்கு மேற்பட்ட குழந்தைகளை ஆண்டாண்டாகப் பின்தொடரும் பெரிய ஆய்விலிருந்து வந்தவர்கள். விவரம் முழுமையாக இல்லாதவர்கள் விடுபடுகிறார்கள். படம் தெளிவாக வராதவர்கள் விடுபடுகிறார்கள்.

அசைந்த குழந்தை கணக்கில் இல்லை.

இப்படிப்பட்ட ஆய்வுகளில் அது அடிக்கடி வயதில் சின்ன குழந்தை. பரபரப்பான குழந்தை. வசதி குறைந்த வீட்டுக் குழந்தை.

சந்தின் மறுகோடிக்கு ஓடிய கால்களின் சத்தம் நினைவில் வருகிறது. போகிறது.

*

பெங்களூருவின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்தும் ஓர் ஆய்வு. சி-வேடா என்பது சுருக்கப் பெயர். 6 வயது முதல் 23 வயது வரை. இந்தியாவில் ஏழு மையங்கள். ஏறத்தாழ 9,000 பேர். மைசூரு, ஆந்திரத்தின் ரிஷிவேலி, சண்டிகர், இம்பால். கொல்கத்தாவும் அதில் ஒன்று. இங்கே பொறுப்பேற்றது, சால்ட் லேக்கில் இருந்த ஐ.சி.எம்.ஆரின் தொழில்சார் உடல்நல மையம்.

வீட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றி. பட்ட அடிகளைப் பற்றி. அடுப்பு எது, பள்ளி எது என்று. ஒரு பகுதியினருக்கு மூளைப் படமும் எடுக்கிறார்கள்.

படத்தைப் பொருத்திப் பார்க்க ஒரு மாதிரி மூளை வேண்டும். நெடுநாள் அது மேற்கத்தியருடையது. இந்தியக் குழந்தையின் மூளை அதற்குள் பொருந்த, சற்று நெளிய வேண்டியிருந்தது. 2020-இல் நிம்ஹான்ஸ் குழுவினர் 6 முதல் 60 வயது வரைக்குமான ஐந்து இந்திய மாதிரிகளை வெளியிடுகிறார்கள்.

*

ஒரு டம்ளர் தண்ணீர்.

நிறம் இல்லை. மணம் இல்லை. சுவை இல்லை.

1983. கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, கிராமத்திலிருந்து வருகிறவர்களின் தோலைப் பார்க்கிறார். கரும்புள்ளிகள். உள்ளங்கையில் தடிப்பு. அவர்கள் குடிக்கும் கிணற்று நீரில் ஆர்சனிக்.

யாரும் கலக்கவில்லை. ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலிலேயே அது இருக்கிறது. குளத்து நீரில் கிருமி என்று பயந்து, நல்ல தண்ணீருக்காகப் போட்ட அடிபம்புகள் அதை மேலே கொண்டுவருகின்றன. மால்டா, முர்ஷிதாபாத், நதியா, இரண்டு 24 பர்கனாக்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்.

தோலில் தெரிவதற்கு ஆண்டுகள் ஆகின்றன.

2023-இல் சி-வேடாவிலிருந்து ஒரு கட்டுரை. ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட குழந்தைகளும் இளைஞர்களும். அவர்களுடைய சிறுநீரில் ஆர்சனிக்கை அளக்கிறார்கள். மூளைப் படத்தையும் பக்கத்தில் வைக்கிறார்கள். குறைந்த அளவு ஆர்சனிக்கும்கூட, மூளையின் சாம்பல்நிறப் பகுதியின் அளவோடும், வலைப்பின்னலின் தொடர்போடும், கவனத்தை நடத்திச் செல்லும் திறனோடும் சேர்ந்து அசைகிறது.

ஒன்றைச் செய்யத் துடிக்கும் கையை அடக்கி வைப்பதும் அந்தத் திறனைச் சேர்ந்தது.

நில் என்றால் நிற்பது.

*

தண்ணீர் பிடிக்கப் போவது பெரும்பாலும் பெண்பிள்ளை. பம்பின் கைப்பிடி அவள் தோளைவிட உயரம். ஏறி இறங்குகிறது. அவளும் ஏறி இறங்குகிறாள்.

குடம் நிறையும் ஓசை மாறிக்கொண்டே போகிறது. மேலே மேலே.

வயது என்கிறோம். பால் என்கிறோம். அட்டவணையில் இரண்டுக்கும் ஒவ்வொரு கட்டம். அவளுடைய தண்ணீரும், பின்னலும், வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள் என்பதும் அந்தக் கட்டங்களுக்குள்ளேயே கரைந்துவிடுகின்றன. அவற்றையும் கேட்டு எழுதாத எந்த மூளைப் படத்தையும் சிறுமியின் படம் என்றோ சிறுவனின் படம் என்றோ முழுதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

*

மழை விடுகிறது. சொட்டு. இடைவெளி. சொட்டு.

*

ஒருமுறை எடுத்த படத்தில் வித்தியாசம் தெரியும். வளர்ச்சி தெரியாது. ஏழு வயதுக் குழந்தை ஒன்றையும் பதினைந்து வயதுக் குழந்தை இன்னொன்றையும் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒரு கோடு போட்டு, இதுதான் வளர்வது என்கிறோம். கோட்டின் இரண்டு முனையிலும் வேறு வேறு ஆட்கள்.

ஒரே குழந்தையைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு அந்தக் குழந்தை வளரும் வேகத்தில்தான் காத்திருக்க முடியும்.

சி-வேடா, முதலில் சந்தித்த பிள்ளைகளை மறுபடி சந்திப்பதற்கென்றே வகுத்த ஆய்வு. 2017-இல் ஆறு வயதில் சேர்ந்த குழந்தைக்கு 2027-இல் பதினாறு வயது.